பதநீருக்குத் துணை நெத்திலி

வியன்னாக்காரர்கள் அந்த ஆண்டின் புது வெள்ளை ஒயினை, அதன் துடிப்பு அடங்குமுன் தேடிக் குடிப்பார்கள். பாம்பன் பதநீருக்கு ஆண்டுக்கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும்.

பாளையை நசுக்கி, நுனியைத் தினமும் மெல்லியதாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார்கள். புளித்துக் கள்ளாகாமல் தடுப்பது அந்தச் சுண்ணாம்புதான். குறைந்தால் புளிப்பு தட்டும். கூடினால் நாக்கு காறும். அளவு சரியாக விழுந்த பதநீரில் முதலில் இனிப்பு, பிறகு பனம்பூ வாசம், கடைசியில் லேசான துவர்ப்பு. பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தால் பச்சை ஓலை மணமும் சேரும். கண்ணாடி டம்ளரில் அது கிடைக்காது.

இளநுங்கு போட்டுக் குடிப்பது எல்லோருக்கும் தெரியும். மாங்காய்த் துண்டு போடுவது தென்மாவட்ட வழக்கம். அந்தப் புளிப்பு இனிப்பைத் திகட்டவிடாது. ஆனால் என் தேர்வு, மிளகாய்த்தூளும் உப்பும் தடவி மொறுமொறுவென்று பொரித்த நெத்திலி. காரமும் உப்பும் ஏறிய நாக்கில் ஒரு மடக்கு பதநீர் இறங்கும்போது இரண்டுமே கூடுதலாக ருசிக்கும். மசாலா மிகுந்த குழம்போடு மட்டும் வேண்டாம், பனம்பூ வாசம் செத்துவிடும்.

பனை நம் மாநில மரம். ஏறுகிறவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். மாசி முதல் வைகாசிக்குள் இந்தப் பக்கம் வந்தால், காலையிலேயே வாங்கிக் குடியுங்கள், பேரம் பேசாதீர்கள்.