நீலம் யாருக்குச் சொந்தம்?

'பிரேக்கிங் பேட்' தொடரின் இரண்டாவது சீசன், முதல் எபிசோட். போதைப்பொருள் கும்பல் தலைவன் ட்யூகோ தன் ஆளையே அடித்துச் சாய்ப்பதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு வால்டர் வைட் வீட்டுக்கு வருகிறான். கர்ப்பிணியான அவன் மனைவி ஸ்கைலர் முகத்தில் பச்சைப் பூச்சோடு சமையலறையில் நிற்கிறாள். அவன் ஒன்றும் பேசாமல் அவளைக் கட்டிப்பிடிக்கிறான். அணைப்பு பலவந்தமாகிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவோடு அவளை அழுத்துகிறான். அவள் வேண்டாம் என்கிறாள், நிறுத்து என்கிறாள், கடைசியில் தள்ளிவிட்டு விலகுகிறாள். கதவின் வெள்ளைப் பரப்பில் அவள் முகத்துப் பச்சை இழுபட்டுக் கறையாக நிற்கிறது.

2014இல் விடுதி அறையில் தோழிகளோடு இந்தத் தொடரைப் பார்த்தபோது அந்தக் கறையை நான் கவனிக்கவில்லை. ட்யூகோ அடுத்து என்ன செய்வான் என்பதுதான் எங்கள் கவலை. ஸ்கைலர் திரையில் வந்தாலே யாராவது ஒருத்தி "ஓட்டி விடுடி" என்பாள். மடிக்கணினி என்னுடையது, ஓட்டியதும் நான்தான். நான்கு பெண்கள் உட்கார்ந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஓட்டிவிட்டோம். சில ஆண்டுகள் கழித்து, நிறங்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடரைத் தனியாக மறுபடி பார்த்தேன். எதையும் ஓட்டாமல் பார்த்தது அப்போதுதான். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் பார்வையிலிருந்து வருகிறது.

தொடரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: வின்ஸ் கில்லிகன் உருவாக்கிய 'பிரேக்கிங் பேட்' 2008 முதல் 2013 வரை அமெரிக்காவின் ஏஎம்சி தொலைக்காட்சியில் ஐந்து சீசன்களாக, 62 எபிசோடுகளாக ஒளிபரப்பானது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் பள்ளி வேதியியல் ஆசிரியரான வால்டருக்கு ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரிகிறது. குடும்பத்துக்குப் பணம் சேர்த்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பழைய மாணவன் ஜெஸ்ஸியோடு சேர்ந்து மெத்தாம்ஃபெடமின் காய்ச்சத் தொடங்குகிறான். அந்தத் தொழிலில் அவன் வைத்துக்கொள்ளும் பெயர் ஹைசன்பெர்க்.

இந்தத் தொடரில் நிறம் தற்செயலாக வந்ததல்ல. எந்தப் பாத்திரம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட்டதைக் கில்லிகனே பேசியிருக்கிறார். பெயர்களிலேயே நிறம் இருக்கிறது: வைட், பிங்க்மேன். வால்டர் இளவயதில் ஷ்வார்ட்ஸ் என்ற நண்பனோடு தொடங்கிய நிறுவனத்தின் பெயர் கிரே மேட்டர். ஷ்வார்ட்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் கறுப்பு. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் சாம்பல். முதல் சீசனிலேயே இந்த விளக்கம் வந்துவிடுகிறது.

ஆண்களின் நிறங்களைப் பாருங்கள். வால்டர் சுவரோடு சுவராகக் கலந்துவிடும் வெளிறிய பழுப்பு உடையில் நமக்கு அறிமுகமாகிறான். பச்சை எட்டிப் பார்க்கிறது. பணத்தின், பொறாமையின் பச்சை என்று ரசிகர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். முதல் சீசனின் ஆறாவது எபிசோடில் தலையை மழித்துக்கொள்கிறான், கறுப்புத் தொப்பி வருகிறது. அதன்பின் தொப்பி தலையில் ஏறினால் நமக்குத் தெரியும், இப்போது பேசுவது ஹைசன்பெர்க். ஜெஸ்ஸியின் மஞ்சளும் சிவப்புமான தொளதொளச் சட்டைகள் அவன் இழக்க இழக்க மங்கிக்கொண்டே போகின்றன. ஆணுக்கு நிறம் ஒரு பயணம். எங்கிருந்து கிளம்பினான், எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்பதை நிறத்தை வைத்தே அளந்துவிடலாம்.

பெண்களுக்கு நிறம் ஒரு முகவரி. ஸ்கைலரின் தங்கை மரீ என்றால் ஊதா. உடுப்பு, படுக்கையறை, சமையலறைச் சாமான் வரை ஊதா. அது ஒரு நகைச்சுவையாகவே நடத்தப்படுகிறது, நாமும் சிரிக்கிறோம். மரீக்குக் கடைகளில் சின்னச் சின்னப் பொருள்களைத் திருடும் பழக்கம் உண்டு. நான்காவது சீசனின் மூன்றாவது எபிசோடில் அவள் கணவன் ஹேங்க் துப்பாக்கிச் சூட்டில் காயப்பட்டுப் படுக்கையில் கிடக்கிறான். பணிவிடை செய்யும் அவள்மீது எரிந்து எரிந்து விழுகிறான். மரீ விற்பனைக்கு வந்திருக்கும் வீடுகளைப் பார்க்கப் போகிறாள். ஒவ்வொரு வீட்டிலும் தன்னைப் பற்றி ஒவ்வொரு கதை சொல்கிறாள்: வேறு வேலை, வேறு குடும்பம், வேறு துக்கம். கிளம்பும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போகிறாள்.

முதல்முறை பார்த்தபோது இது கதைக்குச் சம்பந்தமில்லாத ஒட்டு என்று நினைத்தேன். இப்போது, ஒரே நிறத்துக்குள் அடைக்கப்பட்ட பெண் வேறு வாழ்க்கைகளைப் போட்டுப் பார்க்கும் காட்சியாக அது தெரிகிறது. வால்டர் இன்னொரு பெயரும் இன்னொரு வாழ்க்கையும் எடுத்துக்கொண்டால் அது தொடரின் மையக் கதை. மரீ செய்தால் நோய், கணவன் ஆள்பிடித்துக் காவல் நிலையத்திலிருந்து மீட்க வேண்டிய அவமானம்.

இனி நீலம். தொடக்கத்தில் ஸ்கைலரின் நிறம் நீலம். பெயரிலேயே வானம் இருக்கிறது. ஆனால் தொடரைப் பார்த்த யாரிடமும் நீலம் என்று சொல்லுங்கள், ஸ்கைலர் நினைவுக்கு வரமாட்டாள். வால்டர் காய்ச்சும் நீலப் படிகம்தான் வரும். முதல் சீசனின் இறுதியில் அவன் தயாரிப்பு முறையை மாற்றுகிறான், மெத்திலமைனைப் பயன்படுத்துகிறான், சரக்கு நீலமாக வருகிறது. உண்மையில் நீலத்துக்கும் தூய்மைக்கும் தொடர்பில்லை. தூய மெத் படிகத்துக்கு நிறம் கிடையாது. படப்பிடிப்பில் பயன்பட்டது நிறமேற்றிய கற்கண்டு. அதாவது நீலம் வேதியியல் கேட்டு வந்ததல்ல, கதை கேட்டு வந்தது. சந்தையில் வால்டரின் சரக்கைத் தனித்துக் காட்ட ஒரு முத்திரை தேவைப்பட்டது. அதற்கு எடுக்கப்பட்டது மனைவியின் நிறம். ரசிகர்கள் அந்தச் சரக்கை 'ப்ளூ ஸ்கை' என்கிறார்கள். அவள் பெயரும் சேர்ந்தே போய்விட்டது.

இது திட்டமிட்டதா என்பது எனக்கு முக்கியமில்லை. விளைவு முக்கியம். குடும்பத்துக்காகத்தான் எல்லாம் என்று வால்டர் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அந்தக் குடும்பத்தின் நிறம் பொட்டலங்களில் விற்பனைக்குப் போகிறது. நீலச் சரக்கு பெருகப் பெருக ஸ்கைலரின் உடையில் நீலம் வற்றுகிறது. கார் கழுவும் நிலையத்தை வாங்கிப் பணத்தை வெள்ளையாக்கும் வேலையில் அவள் இறங்கும் காலத்தில் பச்சை தலைகாட்டுகிறது. கடைசி சீசனில் பெரும்பாலும் மங்கிய, இருண்ட நிறங்கள்தான். அவளுக்கும் ஒரு பயணம் இருந்திருக்கிறது. ஆடை வடிவமைத்தவர்கள் அதை எபிசோடுக்கு எபிசோட் அவள் உடம்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் ஓட்டிவிட்டோம்.

ஸ்கைலர் ஒன்றும் உத்தமி இல்லையே, முதலாளி டெட்டோடு உறவு வைத்தாளே, கறுப்புப் பணத்தில் கைநனைத்தாளே என்று கேட்பார்கள். நானும் கேட்டவள்தான். மூன்றாவது சீசனின் மூன்றாவது எபிசோடை மறுபடி பாருங்கள். கணவனின் தொழில் தெரிந்து அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாள். அவன் அத்துமீறித் திரும்பி வருகிறான். காவல்துறையைக் கூப்பிடுகிறாள். வந்தவர்கள் கைக்குழந்தையைச் சமாதானப்படுத்தும் பொறுப்பான தகப்பனைப் பார்க்கிறார்கள். அவன் வீட்டிலிருந்து அவனை வெளியேற்ற வழியில்லை என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் மகன் உடைந்துபோவான், சொல்லாவிட்டால் இவனோடு வாழ வேண்டும். சட்டமும் வீடும் கைவிட்ட பிறகுதான் டெட்டோடு படுத்ததை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆயுதம் அது. அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பார்வையாளர்கள் அவளை மன்னிக்கவே இல்லை. அதற்கு முந்தைய சீசனில் வால்டர் ஓர் இளம்பெண் மூச்சுத்திணறிச் சாவதை நின்று பார்த்திருந்தான். அதை 'சிக்கலான பாத்திரப் படைப்பு' என்றோம்.

சாம்பலின் அரசியல் இங்கேதான் இருக்கிறது. நல்லவனும் இல்லை கெட்டவனும் இல்லை என்ற சாம்பல்தான் இன்றைய குற்றத் தொடர்களின் பெருமை. அந்தச் சாம்பல் ஆணுக்கு எழுதிவைத்த சொத்து. அதே நான்காவது சீசனில் ஸ்கைலர் போலி ஆய்வாளரை அனுப்பி நிலைய உரிமையாளரைப் பயமுறுத்தி விலையைக் குறைத்து வாங்குகிறாள். வால்டர் செய்திருந்தால் கைதட்டியிருப்போம். அவள் செய்தபோது அடங்காப்பிடாரி என்றோம்.

அந்த இளம்பெண்ணின் பெயர் ஜேன், ஜெஸ்ஸியின் காதலி. கறுப்பு உடை, கறுப்புத் தலைமுடி, ஓவியம் வரைபவள். இரண்டாவது சீசனின் சில எபிசோடுகள் கறுப்பு வெள்ளைக் காட்சிகளோடு தொடங்குகின்றன. அவற்றில் நிறம் பெற்றிருப்பது வால்டரின் நீச்சல் குளத்தில் மிதக்கும், ஒரு கண் இழந்த இளஞ்சிவப்புக் கரடி பொம்மை மட்டும்தான். ஜேனின் சாவு தெரிந்தபின் அதன் பொருள் புரிகிறது: துக்கத்தில் இருக்கும் அவள் தந்தை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, அவர் கவனம் சிதறி இரண்டு விமானங்கள் மோதுகின்றன, அந்தப் பொம்மை அதிலிருந்து விழுந்தது. தொழில்நுட்ப அளவில் அபாரமான உத்தி, மறுக்கவில்லை. ஆனால் பொம்மையின் கண் அதன்பிறகு வால்டரின் குற்றவுணர்வுக்குச் சாட்சியாகத் தொடரில் வலம் வருகிறது. செத்துப்போன பெண், கொன்றவனின் மனசாட்சிக்கு உவமையாகிறாள். எங்கள் அறையில் எல்லோருக்கும் கரடி ஞாபகம் இருந்தது. ஜேன் என்ன வரைந்தாள் என்று ஒருத்திக்கும் ஞாபகமில்லை.

ஸ்கைலர் மீதான வெறுப்பு திரையோடு நிற்கவில்லை. 2013 ஆகஸ்டில், அந்தப் பாத்திரத்தில் நடித்த ஆனா கன் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின் மேல் தொடங்கிய வெறுப்பு தன்மேலேயே திரும்பியதையும், இணையத்தில் தனக்கு வந்த கொலைப் பேச்சையும் அதில் வெளிப்படையாகச் சொன்னார். கணவனின் குற்றத்தைக் கண்டுபிடித்துத் தடுக்க நினைத்த மனைவிதான் இவ்வளவு வெறுப்புக்கு ஆளாக வேண்டியிருந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவருக்கு எம்மி விருது கிடைத்தது. விருதுக் குழு பார்த்ததை எங்கள் அறை பார்க்கவில்லை.

குற்றம் தொடரிலா, பார்வையாளரிடத்திலா? இரண்டிலும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நிறம் ஸ்கைலரின் பக்கம் நின்று உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. கதை சொல்லும் முறை நம்மை வால்டரின் பக்கத்தில் உட்கார வைத்தது. அவன் ரகசியம் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதனால் அவள் கேட்கும் ஒவ்வொரு நியாயமான கேள்வியும் நம் பொழுதுபோக்குக்குக் குறுக்கே வரும் தொல்லையாகிறது. ஐந்தாவது சீசனின் நான்காவது எபிசோடில் வால்டரின் ஐம்பத்தொன்றாவது பிறந்தநாள் விருந்தின் நடுவே, ஸ்கைலர் உடுத்திய உடையோடு குளத்தின் நீல நீருக்குள் இறங்கிப் போகிறாள். பிள்ளைகளை அந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்ப அவள் போட்ட வழி அது. பிறகு அவனிடம் சொல்கிறாள், உன் புற்றுநோய் திரும்பி வரக் காத்திருக்கிறேன் என்று. இவ்வளவு நீலத்தின் நடுவே அவளை நாம் வேறெங்கும் பார்ப்பதில்லை. தன் நிறத்தை மீட்க அவள் மூழ்க வேண்டியிருந்தது.

கடைசி எபிசோடில் புகை படிந்த சிறிய குடியிருப்பில் ஸ்கைலர் உட்கார்ந்திருக்கிறாள். வால்டர் வந்து, எல்லாம் குடும்பத்துக்காக அல்ல, எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறான். அந்த வாக்குமூலத்தை அவனுடைய பெருந்தன்மையாகப் பலர் கொண்டாடினார்கள். ஆனால் அதை அவள் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சீசனின் தொடக்கத்திலேயே, வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனிடம் போய், உன் பயத்தையும் கோபத்தையும் என்மேல் இறக்காதே என்று சொன்னாள்.

அப்போது அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் மீதி எபிசோடுகளை வேறு விதமாகப் பார்த்திருப்போம். சாட்சி அவள் வார்த்தையில் மட்டும் இருக்கவில்லை, சமையலறையிலேயே இருந்தது: குளிர்சாதனப் பெட்டியின் வெள்ளைக் கதவில் பச்சையாக.