இன்பவாத ஆராய்ச்சி

உயிர்கள் யாவும் இன்பத்தை விழைந்து துன்பத்தை வெறுக்கின்றன என்பது எவராலும் மறுக்கலாகாத உண்மை. இதனினின்று, இன்பமே வாழ்க்கையின் குறிக்கோள் என்றும், இன்பம் பயப்பதே நன்று, துன்பம் பயப்பதே தீது என்றும் முடிபு கொள்வது இன்பவாதம். இதனைக் கீழோர் கூற்றென எள்ளி ஒதுக்குதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் மதத்தை முதற்கண் நிறுத்தி, அவன் கொள்கையை முற்ற எடுத்தோதிய பின்னரே மறுத்தருளினார். ஈண்டும் அம்முறையே கொள்ளத் தக்கது.

மேனாட்டில் இக்கொள்கையினர் ஒரு திறத்தாரல்லர். சாக்கிரட்டீசரின் மாணாக்கரும், வட ஆபிரிக்காவில் இருந்த சைரீன் என்னும் கிரேக்க நகரத்தாருமாகிய அரிஸ்டிப்பஸ் வழியினர், அவ்வப்போது எய்தும் நுகர்ச்சியையே பெரிதென்றனர். கி. மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த எபிகூரஸ், ஏதென்சு நகரத்துத் தம் தோட்டத்தில் மாணாக்கரைக் கூட்டி, உடல் நோவின்மையும் உளக் கலக்கமின்மையுமே தலையாய இன்பம் என்று கற்பித்தார். எளிய உணவும், நல்ல நட்பும், தெளிந்த அறிவுமே அதற்குப் போதும் என்பது அவர் துணிபு. அவரைச் சிற்றின்பப் பித்தர் என்பார் அவர் நூலை அறியாதாரே.

இனி, இக்கொள்கையின் வன்மை மென்மைகள் ஆராயப்படும். அரிஸ்டிப்பஸ் மரபில் வந்த ஹெகேசியஸ் என்பார், வாழ்வில் இன்பத்தினும் துன்பமே மிகுதியென்று கணக்கிட்டு, இன்ப வாழ்வு எய்தற்கரிது என முடித்தார். அவர் சொற்கேட்டார் பலர் தம்முயிரை மாய்த்துக்கொண்டமையால், தாலமி மன்னன் அவர் பேசுவதைத் தடுத்தான் எனச் சிசரோ என்னும் உரோமப் பேரறிஞர் குறித்துள்ளார். இன்பம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட மரபு வாழ்வையே வெறுக்கும் நிலையிற் சென்று முடிந்தமை கருதத்தக்கது.

பிற்காலத்து ஆங்கில நாட்டுப் பெந்தாம், 1789-ல் வெளியிட்ட நூலில், வன்மை, கால நீட்சி, உறுதி, அண்மை முதலிய ஏழு கூறுகளால் இன்பத்தை அளந்து அறச்செயலைத் துணியலாம் என்றார். அவர் வழிவந்த ஜான் ஸ்டூவர்ட் மில், 1861-ல் இதனைத் திருத்தி, இன்பங்களுள்ளும் உயர்ந்தனவும் இழிந்தனவும் உள என்றார். உயர்வு தாழ்வுகளைத் துணியும் அளவை யாது? மிக்க இன்பமே உயர்வெனின், அது பெந்தாம் கூறிய அளவேயாம். பிறிதொன்று எனின், இன்பமே தனியளவை என்பது கெடும். அற்றன்று, இரண்டும் நுகர்ந்தார் விரும்புவதே உயர்ந்தது எனின், மனநிறைவு குறையினும் அறிவுடையோன் வாழ்வே மேல் என்று மில் தாமே உடன்படுகின்றார். அறிவின் மாட்சியை இன்பத்தின் பெயரால் அளத்தல் பொருந்துமாறு யாங்ஙனம்?

மில்லின் வாழ்க்கையே இதற்குச் சான்று. இளமை முதல் தந்தையாராலும் பெந்தாம் கொள்கையாலும் பயிற்றப்பட்ட அவர், 1826-ல் தம் இருபதாம் அகவையில், தாம் விரும்பிய சீர்திருத்தங்களெல்லாம் அந்நொடியே நிறைவேறின் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமோ எனத் தம்மையே வினவினார். இல்லையென்றே உள்ளம் விடையிறுத்தது. பெருஞ்சோர்வு அவரைப் பற்றியது. இன்பத்தை நேரே நாடுவார்க்கு அது கிட்டாது, பிறிதொரு நன்மையில் உள்ளம் தோய்ந்தார்க்கே இடைவழியில் வந்தெய்தும் என்று தாம் பின்னர்த் தெளிந்தமையை, 1873-ல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். இன்பம் செயலின் பயனாவதன்றிக் குறியாகாது என்பது இதனால் தெற்றென விளங்கும்.

அற்றேல், சித்தாந்தமும் சிவானந்தத்தையே முடிந்த பயனாகக் கூறுதலின், அதுவும் இன்பவாதமே ஆகாதோ எனின், ஆகாது. இன்பவாதி தன் நுகர்ச்சியை நடுநிறுத்தி உலகை அதற்குக் கருவியாக்குகின்றான். சித்தாந்தத்தில் யான் எனதென்னும் செருக்கற்றுத் திருவடியில் அழுந்திய உயிர்க்குச் சிவானந்தம் தானே விளைகின்றது. இன்பத்தைப் பற்றியவன் தன்னையே பற்றினான். இறைவனைப் பற்றியவன் இன்பத்தையும் பெற்றான்.

ஆயினும் இவ்வாராய்ச்சி பிறரை மறுத்தற்கு மட்டும் உரியதன்று. பொருளும் மக்கட்பேறும் வெற்றியும் பெறுதற்கே திருக்கோயிலை நாடி, அவை கிட்டாவழி வழிபாட்டைக் கைவிடுவான், நீறு பூசினும் இன்பவாதியே. உலகாயதன் சந்தையிற் செய்யும் வாணிகத்தை அவன் சந்நிதியிற் செய்கின்றான். எபிகூரசோ கிடைத்த எளிய உணவில் நிறைவு கண்டார். பரபக்கம் ஓதுவார் உலகாயதனைப் புறத்தே தேடுமுன் அகத்தே தேடுதல் நன்று.