'மரண முத்தம்': பொருத்தமான உவமைதானா?

அறிவியலை விளக்க உவமை இன்றியமையாதது. ஆனால் உவமையே உண்மையை மறைக்குமானால் அதனை உரைத்துப் பார்ப்பது நம் கடமையாகும். 'மரண முத்தம்' அத்தகைய ஒன்று.

ஆரோன் சீக்கனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோர் 2004ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு பெற்றபோது இத்தொடர் பரவலாயிற்று. யுபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். பழுதான புரதத்தின்மீது இது ஒட்டப்படுகிறது. அவ்வாறு குறியிடப்பட்ட புரதம் புரோட்டியசோம் என்னும் உருளை வடிவ அமைப்பினுள் இழுக்கப்பட்டுத் துண்டாக்கப்படுகிறது. செல் கண்டதையெல்லாம் அழிப்பதில்லை, குறியிட்டதையே அழிக்கிறது என்பதை இவ்வுவமை நன்கு உணர்த்துகிறது. எனினும் இதில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, இது கதையை நடுவில் தொடங்குகிறது. வெப்பம் மிகுந்தால் புரதங்களின் மடிப்பு குலையும். 1962இல் ரிட்டோசா என்பவர், வெப்பத்திற்கு உள்ளான பழ ஈக்களின் குரோமோசோம்களில் புதிய புடைப்புகளைக் கண்டார். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்கான ஜீன்கள் செயல்படத் தொடங்கியதன் அடையாளமே அவை எனப் பின்னர் தெரிந்தது. அப்புரதங்களுள் பல, குலைந்த புரதம் மீண்டும் சரியாக மடிய உதவுபவை. ஆகவே செல் பழுதுபார்க்கவும் முயல்கிறது; உடனே அழித்துவிடுவதில்லை.

இரண்டாவது, ஒரு முத்தமே முடிவு என்று எண்ணத் தோன்றுகிறது. பெரும்பாலும் யுபிக்விட்டின்கள் சங்கிலியாக இணைந்தால்தான் அழிவு நேரும். அவற்றைக் கழற்றும் நொதிகளும் உண்டு. தீர்ப்புக்கு மேல்முறையீடு இருக்கிறது!

மூன்றாவது, ஆற்றல் பற்றியது. பெப்டைடு பிணைப்பு உடைவது, நீர் பள்ளம் நோக்கிப் பாய்வது போன்றது. அதற்கு ஆற்றல் தர வேண்டியதில்லை. பின் செல் ஏன் ஏ.டி.பி.யைச் செலவிடுகிறது? குறியிடவும், மடிப்பைப் பிரிக்கவும், குறுகிய வாயிலினுள் புரதத்தைச் செலுத்தவுமே. உரியதைத் தேர்ந்தெடுத்து அழிப்பதற்குச் செல் தரும் விலை அது.

போர்ட்டிசோமிப் என்ற மருந்து புரோட்டியசோமைத் தடுக்கிறது. மல்ட்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்ற இம்மருந்தால் புற்றுச் செல்கள் மடிகின்றன. அழிப்பு நின்றால் செல்லே அழிகிறது என்றால், அதனை மரணம் என்பது பொருந்துமா?

பழைய நகையை உருக்கிப் புதியது செய்யும் பொற்கொல்லர் பட்டறை இதனினும் பொருத்தமான உவமை எனலாம். துண்டுகள் மேலும் சிதைந்து அமினோ அமிலங்களாகிப் புதிய புரதங்களுக்கு உதவுகின்றன அல்லவா? இவ்வுவமையிலும் குறை இருக்கலாம். அதை நீங்கள் கண்டு சொல்லுங்கள்.