நடுவில் நிற்பவர் யார்?

2019இல் மலேசிய இந்தியக் குடும்பத்தின் மாத வருமானம் எவ்வளவு? 8,216 ரிங்கிட் என்றும் சொல்லலாம், 5,981 ரிங்கிட் என்றும் சொல்லலாம். இரண்டுமே புள்ளிவிவரத் துறையின் குடும்ப வருமான ஆய்வில் வந்தவை, இரண்டுமே சரி. முதலாவது சராசரி: எல்லார் வருமானத்தையும் கூட்டி வகுத்தது. இரண்டாவது நடுவெண்: குடும்பங்களை வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் வீட்டின் வருமானம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை இடைநிலை அளவு என்கின்றன. சமூகம் முன்னேறிவிட்டது என்று மேடையில் பேச வருபவருக்கு முதல் எண் தோது. மானியம் கேட்கப் போகிறவருக்கு இரண்டாவது.

கெடா மாநிலத்தின் கோலா கெத்திலில், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் ஒரு தாமானில் ஐந்து வீடுகள் என்று கற்பனை செய்துகொள்வோம். நான்கு வீடுகளின் மாத வருமானம் 1,500, 1,700, 1,900, 2,400. ஐந்தாவது வீட்டுக்காரர் சொந்த லோரி வைத்துக் குத்தகை எடுப்பவர், அவருக்கு 12,500. மொத்தம் 20,000, சராசரி 4,000. ஆனால் நாலாயிரம் வாங்கும் வீடு அந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை. 2020இல் அரசு திருத்தி அறிவித்த வறுமைக்கோடு 2,208 ரிங்கிட். அதன்படி ஐந்தில் மூன்று வீடுகள் ஏழை வீடுகள், சராசரியோ அந்தத் தெருவையே வசதியான தெருவாக்கிவிடுகிறது. நடுவெண்ணான 1,900 உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அதற்காகச் சராசரியைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. ரப்பர்ப் பால்வெட்டுக் குடும்பத்தைக் கேளுங்கள். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் மரம் இலை உதிர்க்கும்போது பாலும் குறைந்துவிடும். பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு நடுவெண் எடுத்தால், நல்ல மாதங்கள்தான் அதிகம் என்பதால் அந்த மோசமான மாதங்கள் கணக்கிலேயே தெரியாது. கடையில் பற்று வைத்தவருக்கு அவைதான் முக்கியம். மாதம் இவ்வளவுக்குள் செலவை நிறுத்தினால் ஆண்டு ஓடும் என்று சொல்லக்கூடியது சராசரி மட்டுமே, ஏனென்றால் அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் முழு வருமானமும் திரும்பக் கிடைக்கும். நடுவெண்ணுக்கு அந்தக் குணம் கிடையாது. தோட்ட ஆபீசில் கிராணி எனும் எழுத்தர் ஹெக்டருக்கு இவ்வளவு பால் என்று சராசரியில் கணக்கு எழுதுவதும் இதனால்தான்.

நடுவெண்ணுக்கு இன்னொரு குறை உண்டு, அதைப் பலர் பேசுவதில்லை. நம் தெருவில் 1,500 வாங்கிய வீட்டில் ஒருவருக்கு வேலை போய் வருமானம் 700 ஆகிவிட்டது என்று வையுங்கள். சராசரி 3,840க்கு இறங்கும். நடுவெண் அசையாமல் அதே 1,900இல் நிற்கும். பணக்காரர் ஏறுவதைக் கண்டுகொள்ளாத அதே உறுதி, ஏழை விழுவதையும் கண்டுகொள்வதில்லை.

அப்படியானால் எதை எடுப்பது? என் பார்வையில், இரண்டையும் பக்கத்தில் வைத்து இடைவெளியைப் பார்ப்பதே பயன். 2019இல் இந்தியர்களின் சராசரி அவர்களது நடுவெண்ணைவிட ஏறக்குறைய 37 விழுக்காடு அதிகம். சீனர்களிடம் அந்த இடைவெளி 34, பூமிபுத்ராக்களிடம் 31. நமக்குள் மேலே இருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் தூரம் கூடுதல் என்பதை இந்த ஒப்பீடு காட்டிவிடுகிறது. கெடா மாநிலத்தையும் இப்படிப் பார்க்கலாம். அதே ஆண்டு கெடாவின் சராசரி 5,522, நடுவெண் 4,325. நாட்டின் கீழ் 40 விழுக்காட்டினரான பி40 பிரிவுக்கு மேல் வரம்பு 4,850. சராசரியை நம்பினால் கெடாக் குடும்பம் நடுத்தர வர்க்கம். நடுவெண்ணைப் பார்த்தால் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் பி40க்குள் இருக்கின்றன. கூலிம் தொழிற்பேட்டையையும் பாலிங் வட்டாரத் தோட்டங்களையும் ஒரே எண்ணில் அடைத்தால் வேறென்ன வரும்?

சில இடங்களில் எந்த அளவையும் உதவாது. 2021இல் நிறுத்தப்பட்ட, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யுபிஎஸ்ஆர் தேர்வில் பள்ளியின் தரத்தை ஏ-க்கு 1, இ-க்கு 5 என்று புள்ளி போட்டுச் சராசரியில் சொன்னார்கள். எண் சிறியதானால் பள்ளி சிறந்தது. எட்டு எட்டுப் பிள்ளைகள் எழுதிய இரண்டு தோட்டப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடத்தில் முதல் பள்ளியில் நால்வர் ஏ, நால்வர் பி என்றால் சராசரி 1.5. இரண்டாவதில் எழுவர் ஏ, ஒருவர் இ என்றாலும் அதே 1.5. முதல் பள்ளியில் எல்லாரும் தேறிவிட்டார்கள், இரண்டாவதில் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டவே தடுமாறலாம். நடுவெண்ணும், அதிகம் பேர் வாங்கிய மதிப்பான முகடும் இரண்டாவது பள்ளிக்கு ஏ என்றே சொல்லி அந்தப் பிள்ளையை முழுதாக மறைத்துவிடும்.

எட்டுப் பேருக்குச் சராசரி எதற்கு? எட்டுப் பேரின் மதிப்பையும் வரிசையாக எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் சராசரியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வராமல், கடைசிப் பிள்ளை எங்கே நிற்கிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.