ராசா வரவு

மேடையேற்றத்தின் அடிப்படைகளைப் பாடநூலில் படிப்பவருக்கு நடிகர், வெளி, ஒளி, உடை, பார்வையாளர் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் கண்ணாரக் காண வேண்டுமென்றால் யாழ்ப்பாணத் தீவகத்துக் கத்தோலிக்கக் கூத்தில் ஒரு ராசாவின் வரவைப் பார்க்க வேண்டும். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் மெலிஞ்சிமுனை போன்ற கடற்றொழில் ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வரும் தென்மோடி வகைக் கூத்து அது.

முதலில் கட்டியகாரன் வருவான். ராசா கொலுவுக்கு எழுந்தருளப் போவதாக அறிவிப்பான். மேடையில் இருப்பது ஒரு கதிரையும் ஒரு திரையும்தான். அவன் பாடி முடிப்பதற்குள் சபையோர் அரண்மனைக்குள் வந்துவிடுகிறார்கள். பிறகு ராசா. தன் பேரையும் நாட்டையும் கீர்த்தியையும் உச்சச் சுருதியில் தானே விருத்தமாகப் பாடுவார். விருத்தத்துக்குத் தாளம் இல்லை. மூச்சு உள்ளவரை குரல் நீளும். அடுத்துத் தரு என்னும் தாளப் பாட்டு தொடங்கும். மத்தளம் சேரும், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் தாளம் விழும், பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பி எடுப்பர், ராசாவின் கால் நடை பிடிக்கும். தாளமில்லாத வெளியிலிருந்து தாளத்துக்குள் அவர் அடியெடுத்து வைக்கும் அந்த இடத்துக்காகவே ஓர் இரவு முழுக்க விழித்திருக்கலாம். பாடும் மனிதர் மறைந்து பாத்திரம் பிறப்பது அங்கேதான்.

வெளி மாறினால் கூத்தும் மாறும். மட்டக்களப்பில் சனம் சுற்றிவர இருந்து பார்க்கும் வட்டக்களரியில் ஆட்டமே பேசும். யாழ்ப்பாணக் கரையோரக் கூத்தோ ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் உயர்ந்த மேடைக்கு வந்தது. ஆட்டம் சுருங்கியது, பாட்டு ஓங்கியது. ஒலிவாங்கி இல்லாத காலத்தில், கடற்காற்று வீசும் கோயில் வெளியில், கடைசிப் பாயில் இருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும். அந்தத் தேவையிலிருந்து வளர்ந்ததுதான் இந்த உச்சக் குரல். கச்சேரிச் செவியோடு வந்து அதைக் கத்தல் என்பவர்கள், குரலே இங்கு சுவரும் விளக்குமாக நிற்பதைக் கவனிப்பதில்லை.

விடிய விடிய நடக்கும் கூத்தில் ஒரே பாத்திரத்தை ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஏற்பதும் உண்டு. முதலாம் ராசா போய் இரண்டாம் ராசா வரும்போது முகம் மாறும், உடல் மாறும், கதை அறுவதில்லை. பாத்திரம் ஒரு நடிகரின் முகத்தில் குடியிருப்பதில்லை, உடுப்பிலும் மெட்டிலும் சபையோரின் ஒப்புதலிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அரங்கக் கோட்பாடும் சொல்லித் தந்ததில்லை. கிரேக்க நாடகத்தின் பாடகர் குழு செய்த வேலையைப் பிற்பாட்டு இங்கே செய்கிறது. ராசா சொன்னதை ஊரே ஆமோதிப்பதுபோல அது ஒலிக்கும்.

இந்த மரபின் வீச்சு தீவோடு நிற்கவில்லை. தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தின் வழியாகச் சிங்களக் கரையோரத்தில் வேர்விட்டதாக ஆய்வாளர் கருதும் 'நாடகம' வடிவத்தை எடுத்துத்தான் 1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். 1965இல் நீ. மரிய சேவியர் அடிகள் நிறுவிய திருமறைக் கலாமன்றம் இரவு முழுதும் நீண்ட கூத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கிப் புதிய சபைகளுக்குக் கொண்டுபோனது. 1990இல் போர் தீவக ஊர்களைப் பெயர்த்தபோது கூத்தும் சனத்தோடு பெயர்ந்தது. மெலிஞ்சிமுனையைத் தன் பேரிலேயே வைத்திருக்கும் எழுத்தாளர் மெலிஞ்சி முத்தன் இன்று கனடாவிலிருந்து எழுதுகிறார்.

கூத்தைச் சுருக்குவது தவறில்லை. வேலைக்கு எழும்ப வேண்டிய சனத்துக்கு முழு இரவும் கிடைக்காது. உப கதைகளைக் குறைக்கலாம், தருக்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஆனால் நேரம் போதாதென்று முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் வரவாகத்தான் இருக்கிறது, கதை அதில் நகர்வதில்லை என்ற எண்ணத்தில். கதை நகராத அந்தச் சில நிமிடங்களில்தான் மேடை மேடையாகிறது, சனம் சபையாகிறது. கூத்தைக் குறுக்கும் கை எதை வெட்டினாலும் வெட்டட்டும், ராசாவை முழுதாக வரவிட வேண்டும்.