வழிநூலும் விகற்பமும்: துப்பறியும் நாவல்களின் தொலைக்காட்சி வடிவங்கள்

ஒரு நூலை வேறொரு வடிவில் அமைப்போன் எத்துணை வேறுபாடு கொள்ளலாம் என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தினார் தொல்காப்பியர். முதனூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் வேண்டும் விகற்பமும் உடையதாய் வருவது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. இவ்வளவுகோல் தொலைக்காட்சி நாடகத்திற்கும் பொருந்துமா என ஆராய்தல் தகும். துப்பறியும் நாவல் அதற்கு ஏற்ற களமாகும். முடிபினை நோக்கியே கட்டப்படும் இலக்கிய வகை அது. ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் மூன்று நாவல்களை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நூலக அறையிற் கிடந்த பிணத்தைப் பற்றிய 1942ஆம் ஆண்டு நாவல். சோசியும் மார்க்கும் மறைவில் மணந்துகொண்டவர்கள் என்பதே இதன் திறவுகோல். பி.பி.சி. 1984இல் எடுத்த நாடகம் இதனை மாற்றவில்லை. ஐ.டி.வி. 2004இல் எடுத்த நாடகமோ மார்க்குக்கு மாறாக அடிலெய்டு என்னும் பெண்ணைச் சோசியின் கூட்டாளியாகவும் காதலியாகவும் ஆக்கிற்று. இங்கு முடிபே வேறாயிற்று. ஆதலின் இதனை வழிநூல் எனல் பொருந்தாது. இதில் ஐயத்திற்கு இடமில்லை.

இரண்டாவது வழக்கு அத்துணை எளிதன்று. ரோசர் ஆக்ராய்டு கொலையைப் பற்றிய 1926ஆம் ஆண்டு நாவலில் கதை சொல்லும் மருத்துவர் செப்பர்டே கொலைஞர். எட்டு மணி நாற்பது நிமிடத்திற்குக் கடிதம் வந்தது எனவும், எட்டு ஐம்பதுக்குத் தாம் அறையை விட்டு நீங்கியதாகவும் அவர் எழுதுகிறார். அப்பத்து நிமிடத்தில் நிகழ்ந்ததை அவர் விரித்துரைக்கவில்லை, பொய்யும் கூறவில்லை. அவர் கூற்றை நம்பி அதனூடே சென்ற நாமே ஏமாந்தோம் என இறுதியில் உணர்கிறோம்.

2000ஆம் ஆண்டு நாடகத்திற் கொலைஞர் மாறவில்லை. ஆனால் புவாரோ ஒரு நாட்குறிப்பைப் படிப்பதாகத் தொடங்குகிறது. கதைசொல்லி என்னும் நிலையினின்று செப்பர்டு இறங்கி, ஐயத்திற்குரிய பலருள் ஒருவராகிறார். நாவலில் இல்லாத சாப் என்னும் காவல் அதிகாரியும் வந்து சேர்கிறார். நாவலில் புவாரோ காட்டும் தற்கொலை வழியை அமைதியாக ஏற்கும் செப்பர்டு, நாடகத்தில் துப்பாக்கியோடு தொழிற்சாலையுள் ஓடுகிறார். கொலைஞர் பெயர் ஒன்றே எனினும் முடிபு ஒன்றன்று. கூறுவோன் யார் என்பதை அறிந்தாலன்றி அகப்பாட்டின் பொருள் விளங்காது, இந்நாவலும் அத்தன்மையதே. கூற்றை நீக்கியபின் எஞ்சுவது வெறும் செய்தி.

மூன்றாவது, ஓரியண்ட் விரைவு வண்டியில் நிகழ்ந்த கொலையைப் பற்றிய 1934ஆம் ஆண்டு நாவல். இதன் 2010ஆம் ஆண்டு நாடகம் முன்னதினும் மிகுதியாக மாற்றியுள்ளது. நாவலின் தொடக்கத்தில் ஒரு படை அதிகாரியின் தற்கொலை போகிற போக்கில் சொல்லப்படுகிறது. நாடகம் அதனைப் புவாரோவின் கண்முன் நிகழ்த்துகிறது. நாவலில் புவாரோ இரு விடைகளைக் கூற, வண்டி நிறுவன இயக்குநர் பூக்கும் மருத்துவர் கான்சுடன்டைனும் பொய்யான விடையைத் தேர்கின்றனர். நாடகத்தில் அம்மருத்துவரே கொலைஞர் பன்னிருவருள் ஒருவர். நடுநின்று தீர்ப்பளிக்க வேண்டியவர் ஒரு பக்கம் சார்ந்துவிடவே, தீர்ப்பின் சுமை புவாரோ மேல் விழுகிறது. செபமாலையைப் பற்றியபடி, கண்கலங்கி, பனியில் நடக்கிறார். சட்டமே அறம் என நம்பினவன் சட்டம் தண்டியாத கொடியவனைக் கொன்றோரை என்செய்வது? நாவல் சில வரிகளில் கடந்த அவ்வினாவை நாடகம் விரித்துரைக்கிறது. இசுதான்புல் தெருவில் ஒரு பெண்ணைக் கல்லெறியும் காட்சி மட்டும் மிகை. பின்னர் நாமே உணரவேண்டியதை அது முன்னரே கூறிவிடுகிறது.

ஆகவே விகற்பங்களை எண்ணிக் கணக்கிடுவது திறனாய்வாகாது. கொலைஞர் யார் என்பதும், அவரை நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதும், அறிந்தபின் செய்யத்தகுவது யாது என்பதும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே துப்பறியும் நாவலின் முடிபு. 2004ஆம் ஆண்டு நாடகம் முதலாவதை இழந்தது; 2000ஆம் ஆண்டு நாடகம் இரண்டாவதை இழந்தது. மிகுதியும் மாற்றிய 2010ஆம் ஆண்டு நாடகமே மூன்றாவதை ஆழப்படுத்தி, விரித்தல் என்னும் பெயருக்கு உரியதாயிற்று. நன்னூலார் முடிபு என்றது எதனை என்று முதலில் தெளிந்தபின்னரே விகற்பத்தைக் குறைகூறப் புகுதல் வேண்டும்.