கொடுக்கல் வாங்கல்

ஏமாளித்தனத்துக்கு உதாரணம் தேடும் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் கையில் தவறாமல் அகப்படுகிற அணி டெட்ராய்ட் டைகர்ஸ். 1987 ஆகஸ்ட் 12 அன்று, டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயது பிட்சரை (பந்து எறிபவரை) வாங்க, ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை அட்லாண்டா பிரேவ்ஸுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பையன் பிற்பாடு 213 ஆட்டங்களை வென்றார். 154 ஆட்டங்களில் கடைசியில் இறங்கி வெற்றியைக் காப்பாற்றினார். 2015-இல் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். அலெக்சாண்டர் 1989-உடன் ஓய்வு பெற்றுவிட்டார். இதற்கு மேல் என்ன பேச்சு என்கிறார்கள்.

நிறையப் பேச்சு இருக்கிறது. மைதானத்தில் நின்று ஆட்டத்தை நடத்துபவர் மேனேஜர். எந்த வீரரை வைத்துக்கொள்வது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று முடிவு செய்பவர் ஜெனரல் மேனேஜர். அவருடைய முடிவை முப்பது வருடம் கழித்து இரண்டு வீரர்களின் மொத்தச் சாதனைகளைத் தட்டில் வைத்து நிறுத்துப் பார்ப்பது ரசனை ஆகாது. அன்றைக்கு அவருக்கு என்ன தெரிந்திருந்தது, அவருடைய அணிக்கு என்ன தேவைப்பட்டது என்பதிலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

டைகர்ஸின் ஜெனரல் மேனேஜர் பில் லஜாய்க்கு அன்று தெரிந்தது இது: முதலிடத்துக்கு டொராண்டோ புளூ ஜேஸுடன் கடும் போட்டி. தன் அணியின் முக்கிய வீரர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஸ்மோல்ட்ஸோ மேஜர் லீகுக்குக் கீழ்ப்படியான மைனர் லீகில், கிளென்ஸ் ஃபால்ஸ் அணியில், 4 வெற்றி, 10 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.68 ரன் என்று தடுமாறிக்கொண்டிருக்கிறார். லஜாய் அலெக்சாண்டரை வாங்கினார். வந்தவர் 11 ஆட்டங்களில் முதல் பிட்சராக இறங்கி ஒன்பதை வென்றார், ஒன்றிலும் தோற்கவில்லை, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்தது 1.53 ரன். கடைசி வார இறுதியில் புளூ ஜேஸ் டெட்ராய்ட்டுக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை ஆட்டத்தை வென்று கொடுத்ததும் அவர்தான். அந்த மூன்று ஆட்டங்களையும் வென்ற டைகர்ஸ், இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் பிரிவின் முதலிடத்தைப் பிடித்தது. அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் அலெக்சாண்டர் இரண்டு முறை தோற்றார், அணியும் வெளியேறியது. ஆனால் லஜாய் எதை வாங்கப் போனாரோ அதைக் குறையில்லாமல் வாங்கினார். அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தப் பரிமாற்றத்தின் அழகு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பிரேவ்ஸின் ஜெனரல் மேனேஜராக அப்போது இருந்தவர் பாபி காக்ஸ். வயதான பிட்சரைக் கொடுத்து இளைஞன் ஒருவனைக் கேட்பது எல்லோரும் செய்வதுதான். ஒரு அணியின் மைனர் லீக் பட்டியலில் எத்தனையோ இளைஞர்கள் இருப்பார்கள். அவர்களில் பத்து ஆட்டம் தோற்றவனைச் சுட்டி ‘இவன் வேண்டும்’ என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கை எவ்வளவு வேகமாக எறிகிறது, உடம்பு இன்னும் எவ்வளவு உரம் பெறும் என்பதையெல்லாம் 5.68 என்ற எண் சொல்லாது. காக்ஸிடம் அவகாசமும் இருந்தது. அந்த வருடம் 92 ஆட்டங்கள் தோற்ற அணி அவருடையது. நாளைக்கே ஜெயிக்க வேண்டிய நெருக்கடி இல்லை. அவசரம் உள்ளவரும் அவசரம் இல்லாதவரும் சந்திக்கிற இடத்தில்தான் நல்ல பரிமாற்றம் பிறக்கிறது.

இளைஞன் ஒருவன் ஏன் அவ்வளவு விலை பெறுகிறான் என்பதற்குக் காரணம் லீகின் விதியில் இருக்கிறது. மேஜர் லீகுக்கு வந்த வீரர் ஏறத்தாழ ஆறு வருடம் அந்த அணிக்கே கட்டுப்பட்டவர். முதல் மூன்று வருடம் சம்பளமும் சொற்பம். அவரைக் கொடுப்பது விதைநெல்லைக் கொடுப்பது. 1990 ஆகஸ்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் லூ கோர்மன், லாரி ஆண்டர்சன் என்ற 37 வயது பிட்சருக்காக ஜெஃப் பேக்வெல்லை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார். ஆண்டர்சன் 22 இன்னிங்ஸ் அருமையாக எறிந்தார், பாஸ்டன் தன் பிரிவை வென்றது, சீசன் முடிந்ததும் அவர் வேறு அணிக்குப் போய்விட்டார். பேக்வெல் ஹூஸ்டனுக்காகவே 449 ஹோம் ரன் அடித்தார். லஜாயை மன்னிக்கிற என்னால் கோர்மனை அவ்வளவு எளிதில் மன்னிக்க முடியவில்லை. பேக்வெல் ஆடிய மூன்றாம் பேஸில் பாஸ்டனுக்கு வேட் பாக்ஸ் இருந்தார், உண்மைதான். ஆனால் பேக்வெல் அப்போது தடுமாறிக்கொண்டிருந்த பையனில்லை; .333 சராசரியில் அடித்து, தன் மைனர் லீகின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். ஹூஸ்டன் அவரை முதல் பேஸுக்கு மாற்றியது, அவ்வளவுதான். தன் வீட்டில் இருப்பதன் மதிப்பு தெரியாமல் கொடுப்பதைத்தான் நான் பிழை என்பேன்.

2002 ஜூனில் மாண்ட்ரியல் எக்ஸ்போஸின் ஒமார் மினாயா செய்தது இன்னும் சிக்கலானது. பார்டோலோ கோலோன் என்ற பிட்சருக்காக கிளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிராண்டன் பிலிப்ஸ் மூவரையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தார். மூவருமே பிற்பாடு சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கொள்ளை. ஆனால் எக்ஸ்போஸ் அப்போது மற்ற 29 அணிகளுக்கும் பொதுச் சொத்து. அணியையே கலைத்துவிடும் திட்டம் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் இருக்குமா என்று தெரியாத அணிக்கு எதிர்காலத்தைச் சேமித்து என்ன பயன்? கோலோன் அங்கே 10 ஆட்டங்களை வென்றார். வென்ற தரப்பான கிளீவ்லாந்தின் மார்க் ஷாபிரோவை மேதை என்று புகழ்வோர் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 2006-இல் அதே பிலிப்ஸை அவர் ஏறக்குறைய சும்மாவே சின்சினாட்டிக்குக் கொடுத்துவிட்டார்.

2016 ஜூலையில் சிகாகோ கப்ஸின் தியோ எப்ஸ்டைன், அரோல்டிஸ் சாப்மனுக்காக கிளேபர் டோரஸையும் மேலும் மூவரையும் யாங்கீஸுக்குக் கொடுத்தார். சில மாத உழைப்புக்கு மிகப் பெரிய விலை. 108 வருடக் காத்திருப்புக்குப் பிறகு கப்ஸ், சீசனின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரீஸை வென்றதால் யாரும் அவரைப் பழிப்பதில்லை. லஜாய் செய்ததும் இதே வேலைதான். கோப்பை மட்டும் வரவில்லை. கோப்பையை மறைத்துவிட்டுப் பார்த்தால், அந்தப் பரிமாற்றத்தில் என்னைக் கவர்பவர் யாங்கீஸின் பிரையன் கேஷ்மன். டோரஸை வாங்கி வைத்துக்கொண்டு, சீசன் முடிந்து சாப்மன் எந்த அணிக்கும் கட்டுப்படாதவரானதும், அதே டிசம்பரில் அவரை யாங்கீஸுக்கே திரும்ப அழைத்துக்கொண்டார்.

எப்ஸ்டைனின் கைவண்ணம் தெரிவது அதற்கு மூன்று வருடம் முன்பு. 2012 நவம்பரில் கப்ஸ், ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற சாதாரண பிட்சரை 60 லட்சம் டாலருக்கு ஒரே ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு அவரால் பெரிய லாபம் இல்லை. அவர் நன்றாக எறிந்தால் ஜூலையில் பிட்சர் தேடி அலையும் அணி ஒன்று வரும் என்பதுதான் கணக்கு. நன்றாகவே எறிந்தார், பால்டிமோர் வந்தது. 2013 ஜூலை 2 அன்று கப்ஸ் கேட்டு வாங்கியது, பால்டிமோர் சலித்துப்போயிருந்த ஜேக் அரியேட்டாவையும் பெட்ரோ ஸ்ட்ரோப்பையும். அரியேட்டா உடம்புக்குக் குறுக்கே கையை வீசி எறிபவர். பால்டிமோரில் அதைத் திருத்த முயன்றார்கள். சிகாகோவில் அவர் போக்கிலேயே எறிய விட்டார்கள். 2015-இல் 22 வெற்றி, 6 தோல்வி, 1.77 ரன், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது; அடுத்த வருடம் வேர்ல்டு சீரீஸில் இரண்டு வெற்றிகள். ஸ்ட்ரோப்பும் பல வருடம் அங்கே நம்பகமான பிட்சராக இருந்தார். ஃபெல்ட்மன் அந்தக் குளிர்காலத்திலேயே பால்டிமோரை விட்டு ஹூஸ்டனுக்குப் போனார். பதிவேட்டில் இந்தப் பரிமாற்றத்துக்கு ஜூலை 2 என்று தேதி இருக்கிறது. நான் அதை ஃபெல்ட்மன் கையெழுத்துப் போட்ட நவம்பரிலிருந்தே எண்ணுகிறேன்.